பால் மந்தைகளில் கன்று வீச்சு நோய்

வெக்கை நோயின் பெயரைக் கேட்ட அளவிலேயே நம் முன்னோர் நடுங்கினர். அது ஒரு கிராமத்திற்குள் புகுந்துவிட்டால், சில வாரங்களுக்குள் ஏர் பூட்ட எருதின்றியும் கறக்கப் பசுவின்றியும் குடும்பங்கள் நொடித்துப் போனதுண்டு. பல வருடங்கள் விடாது ஊசி போட்டு வந்ததன் பலனாக அந்நோய் நம் நாட்டை விட்டு நீங்கியது. 2006-ஆம் வருடம் இந்தியா அதனின்று விடுபட்டதென அங்கீகாரம் பெற்றது. 2011-ஆம் வருடம் உலகம் முழுவதிலுமே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கோமாரி இன்னும் நம்மிடையே உள்ளது. ஆயினும் அது வந்தால் வாயில் நுரை தள்ளுவதும், குளம்பிடையில் புண் காண்பதும், மாடு நொண்டுவதும் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஊரார் உடனே விழித்துக்கொள்வர்.

இங்கே சொல்லப்புகும் வியாதி அத்தகையதன்று. மாடு தீனி தின்பதில் குறைவில்லை. அசை போடுவது நிற்பதில்லை. கண்ணிலும் மூக்கிலும் யாதொரு வேறுபாடும் காண்பதில்லை. நேற்று வரை நன்றாக நின்ற ஏழு மாதச் சினைப்பசு ஒரு நாள் விடியற்காலையில் உயிரற்ற கன்றைப் போட்டுவிட்டு நிற்கும். இரண்டொரு மாதத்தில் பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்கும் பசுவும் அவ்வாறே செய்யும். இதற்குக் கன்று வீச்சு நோய் என்று பெயர். புரூசெல்லோசிஸ் என்பது கால்நடை வைத்தியர்கள் வழங்கும் பெயர்.

நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் இதன் கொடுமை விளங்கும். நாளொன்றுக்கு 8 லிட்டர் வீதம் 280 நாள் கறக்கக்கூடிய கலப்பினப் பசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் ஈற்றில் அது தரவேண்டிய பால் 2,240 லிட்டர். குறைமாதத்தில் கன்றைப் போட்டுவிட்ட பசுவின் மடி முழுமையாகச் சுரப்பதில்லை. கால் பங்கு குறைந்ததென்று வைத்துக்கொண்டாலும் 560 லிட்டர் போயிற்று. கன்றும் போயிற்று, அது கிடாரியாயிருப்பின், சில வருடங்களில் கிடைக்கவிருந்த ஒரு கறவையும் உடன் போயிற்று. நஞ்சுக்கொடி விழாமல் தங்கிக் கருப்பை அழுகினால் பசு மறுபடி சினை பிடிக்க மாதங்கள் செல்லும். சில மலடாகவே நின்றுவிடும். பத்து மாடு உள்ள தொழுவத்தில் மூன்று நான்கு இவ்வாறானால், அவ்வருடப் பால் பணம் பிண்ணாக்குக் கடையின் பாக்கியைத் தீர்க்கவும் போதாது.

நோயின் காரணம்

மால்ட்டாத் தீவில் ஆங்கிலச் சிப்பாய்களை வாட்டிவந்த ஒருவகைச் சுரத்தின் கிருமியை, டேவிட் புரூஸ் என்னும் இராணுவ வைத்தியர் 1887-ஆம் வருடம் அச்சுரத்தால் இறந்தவர்களின் மண்ணீரலினின்று பிரித்தெடுத்தார். பத்து வருடங்களுக்குப் பின், 1897-இல், டென்மார்க் தேசத்துப் பேராசிரியர் பெர்ன்ஹார்ட் பாங் என்பவர் பசுக்களின் கருச்சிதைவுக்குக் காரணமான கிருமியைக் கண்டதை வெளியிட்டார். மால்ட்டாச் சுரம் ஆட்டுப்பாலின் மூலம் மனிதருக்கு வருகிறதென்பதற்கு வழிகாட்டியவர் அத்தீவினரான ஸாமிட் என்னும் வைத்தியர்; அது 1905-இல். இவ்விரு கிருமிகளும் மிக நெருங்கிய உறவுடையவை என்பதை அமெரிக்காவைச் சேர்ந்த ஆலிஸ் ஈவான்ஸ் என்ற அம்மையார் 1918-இல் எடுத்துரைத்தார். கறவைமாட்டின் வியாதி வேறு, மனிதனின் சுரம் வேறு என்று அதுவரை எண்ணியிருந்தவர் பலர். அம்மையாரின் கூற்றை ஏற்கப் பண்டிதர்களும் பல காலம் தயங்கினர்.

இக்கிருமி பசுவின் உடலில் எங்கும் பரவலாகத் தங்குவதாயினும், சினையுற்ற கருப்பையையே மிகுதியாக நாடுகிறது. அங்கே எரித்ரிட்டால் என்னும் ஒருவகை இனிப்புப் பொருள் உண்டாகிறது. அதைக் கொண்டு கிருமி அளவின்றிப் பெருகுகிறது. கருப்பைக்கும் நஞ்சுக்கொடிக்கும் உள்ள பிணைப்பு புண்ணாகி, கன்றுக்கு ஆகாரம் செல்வது தடைப்படுகிறது. ஆகையால்தான் பெரும்பாலும் ஐந்தாம் மாதத்திற்குப் பிறகே கரு கலைகிறது.

இதில் குடியானவரை ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. ஒருமுறை கன்று வீசிய பசு, அடுத்த ஈற்றில் அநேகமாகப் பூரணமான கன்றையே ஈனும். "தோஷம் கழிந்தது" என்று வீட்டார் மகிழ்வர். ஆனால் நோய் கழியவில்லை. கிருமி மடியிலும் அதைச் சார்ந்த நிணநீர்ச் சுரப்பிகளிலும் நிலைத்துத் தங்கி, பாலிலும், ஒவ்வோர் ஈற்றிலும் வெளிப்படும் நீரிலும் கழிந்துகொண்டே இருக்கும். கன்று வீசிய பசுவைக் காட்டிலும், கன்று வீசிப் பின் "குணமடைந்த" பசுவே மந்தைக்கு அதிக அபாயகரமானது என்பது எமது அபிப்பிராயம். முன்னதை யாவரும் சந்தேகிப்பர். பின்னதைச் சந்தேகிப்பார் ஒருவருமில்லை.

மந்தைக்குள் நுழையும் வழி

நூற்றுக்குப் பெரும்பாலும் இது விலைக்கு வாங்கிய மாட்டின் மூலமே வருகிறது. கன்று வீசிய பசுவை அடுத்த வாரமே சந்தைக்கு ஓட்டும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியாது. வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், மடியையும் பால்நரம்பையும் தடவிப் பார்க்கிறார். இவற்றில் எதிலும் இந்நோய் எழுதியிருப்பதில்லை.

தொழுவத்திற்குள் வந்த பின்னர் பரவும் விதம் எளிது. கன்று வீசிய இடத்தில் விழுந்த நீரையும் கொடியையும் மற்றப் பசுக்கள் முகர்கின்றன, நக்குகின்றன. அது பட்ட வைக்கோலைத் தின்கின்றன. ஒரே கழுநீர்த் தொட்டியில் யாவும் வாய் வைக்கின்றன. நாய் அக்கொடியைக் கவ்விக்கொண்டு போய் மேய்ச்சல் புறம்போக்கில் போடுகிறது. நேரான வெயிலில் இக்கிருமி சில மணி நேரத்திற்கு மேல் உயிரோடிராது. நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வாரக்கணக்கிலும், குளிர்ந்த காலத்தில் மாதக்கணக்கிலும் பிழைத்திருக்கும். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் சேறும் சகதியுமாகக் கிடக்கும் தொழுவம் அதற்கு மிகவும் ஏற்றதென்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

காளையால் பரவுவது இந்நோயில் குறைவு. ஆனால் நோயுற்ற காளையின் விந்தைச் செயற்கைக் கருவூட்டலுக்கு உபயோகித்தால் அது நேரே கருப்பையினுள் சேர்வதால் அபாயம் மிகுதி. ஆகவே பரீட்சை செய்யப்பட்ட காளைகளின் விந்து மட்டுமே உறைவிந்து நிலையங்களிலிருந்து அனுப்பப்படுகிறது. மூலம் தெரியாத விந்துக் குச்சிகளை மலிவாகக் கிடைக்கிறதென்று உபயோகித்தல் ஆகாது. வெள்ளாடு செம்மறியாடுகளைப் பசுக்களுடன் ஒரே பட்டியில் அடைப்பதும் நல்லதன்று. ஆட்டைப் பற்றும் இனக் கிருமி பசுவையும் பற்றக்கூடும். எருமைகளுக்கும் இந்நோய் உண்டு.

கன்று வீசிய அன்று

கன்று வீசியதெல்லாம் இந்நோயே என்று கொள்ளலாகாது. அடிபடுதல், வேறு கிருமிகள், பூஞ்சணம் பிடித்த தீவனம் முதலிய காரணங்களும் உள. அதுபோலவே, வேலி தாண்டியதால் வீசிற்று, கண்ணேறு பட்டதால் வீசிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாளாவிருத்தலும் தகாது. காரணம் தெரியும் வரையில் ஒவ்வொரு கன்று வீச்சையும் தொற்றுநோயாகவே பாவித்து நடத்தலே சரியான முறை. 2009-ஆம் வருடத்து விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும், இத்தகைய நோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் உடைமையாளர் அதைக் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டுமென்றும், அந்த மாட்டைப் பிரித்துக் கட்ட வேண்டுமென்றும் விதித்திருக்கிறது.

முதலாவதாக, கன்று வீசிய பசுவை மற்ற மாடுகளினின்று உடனே விலக்கித் தனி இடத்தில் கட்டுதல் வேண்டும். நீர் வடிதல் முற்றும் நிற்கும் வரையில், குறைந்தது ஒரு மாத காலம், அது அங்கேயே இருத்தல் நலம். கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடுதல் கூடாது. ரப்பர் கையுறை இல்லாதபோது தடித்த பிளாஸ்டிக் பைகளை முழங்கை வரையில் மாட்டிக் கட்டிக்கொண்டாவது எடுக்க வேண்டும். கால்நடை வைத்தியர் பரீட்சைக்காகக் கேட்கும் பகுதியைக் கொடுத்தபின், எஞ்சியதை எரித்துவிடுக. அன்றேல் ஆழமான குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து மேலே முள் அடைத்துவிடுக. கீழே கிடந்த வைக்கோலும் கூளமும் எருக்குழிக்குப் போகலாகாது. அவையும் எரிக்கத் தக்கவையே. இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்த பின்னரே பிளீச்சிங் பவுடர் கரைசலோ ஃபீனால் கலந்த நீரோ ஊற்ற வேண்டும். சாணத்தின் மேல் ஊற்றிய மருந்து சாணத்தோடே சக்தியிழந்துவிடும்.

இங்கே ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லுதல் அவசியம். பசு ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலிலோ பழந்துணியிலோ சுற்றி, ஆல் முதலிய பால்மரத்தின் கிளையில் கட்டித் தொங்கவிடுவது நம் பக்கத்தில் நெடுநாளைய வழக்கம். பசுவுக்குப் பால் பெருகும் என்ற நம்பிக்கை ஒருபுறமிருக்க, நாய் நரிகளுக்கு எட்டாமல் கொடியை வைக்கும் யுக்தி அதில் அடங்கியிருப்பதை மறுப்பதற்கில்லை. பூரண மாதத்தில் குறையின்றி ஈன்ற பசுவின் விஷயத்தில் அவ்வழக்கத்தை நாம் பழிக்க வரவில்லை. ஆனால் குறைமாதத்தில் வீசிய பசுவின் கொடியை மரத்தில் கட்டினால், காகமும் கழுகும் அதைப் பிய்த்து ஊரெங்கும் இறைக்கும். வழியும் நீர் மரத்தடியில் நிற்கும் மாடுகளின் மேல் சொட்டும். அக்கொடி நெருப்புக்கோ குழிக்கோ மட்டுமே உரியது.

மனிதருக்கு வரும் தீங்கு

மாட்டைக் காக்க வேண்டுமென்பது ஒருபுறமிருக்க, மாட்டை வைத்திருப்பவரைக் காக்க வேண்டுவது இன்னும் முக்கியம். இக்கிருமி மனிதர் உடலிலும் புகும். விட்டுவிட்டு வரும் சுரம், இரவில் உடல் நனைய வியர்த்தல், முதுகும் மூட்டும் நோதல், காரணம் தெரியாத அசதி, ஆடவர்க்கு விரைவீக்கம் ஆகியவை இதன் குறிகள். கருவுற்ற பெண்டிருக்குக் கர்ப்பம் கலையவும் கூடும். மலேரியா என்றும், டைபாய்டு என்றும், காசம் என்றும் மாறி மாறி வைத்தியம் செய்துகொண்டு மாதக்கணக்கில் வருந்துபவர் உண்டு.

நம் நாட்டில் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்கிறோம். தயிருக்கும் காய்ச்சிய பாலிலேயே உறை ஊற்றுகிறோம். பாலை 63 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தாலே இக்கிருமி மடிந்துவிடுமாதலால், பொங்கக் காய்ச்சிய பாலைப் பற்றி அச்சமே வேண்டாம். பச்சைப்பாலையும், அதினின்று எடுத்த பாலாடைக்கட்டியையும் உண்ணும் தேசங்களில் பட்டணவாசிகளுக்கும் இந்நோய் வந்தது. இங்கோ, நம் தாய்மாரின் அடுப்பங்கரை வழக்கம் பட்டணத்தாரைப் பெரிதும் காத்து வருகிறது; துன்பமெல்லாம் தொழுவத்தில் கை வைப்பவரையே சேருகிறது. சாணம் அள்ளுவதும், ஈன்ற பசுவைக் கவனிப்பதும் அநேக வீடுகளில் பெண்மக்களின் வேலை. கைவிரலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் கண்ணில் தெறிக்கும் துளி வழியாகவும் கிருமி புகுமாதலால், கர்ப்பிணிகள் கன்று வீசிய பசுவின் அருகே செல்லவே கூடாது. கறந்த சூட்டோடு நுரையுடன் பாலைக் குடிப்பது பலந்தருமென்று சிறுவருக்குக் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். சீம்பாலை வெல்லம் சேர்த்து நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். சந்தேகத்திற்கிடமான பசுவின் சீம்பாலை அண்டை வீடுகளுக்கு அனுப்புவதைத் தவிர்த்தல் மரியாதைக் குறைவாகாது.

சுரம் விடாது வருமாயின் வைத்தியரிடம் "எங்கள் வீட்டில் மாடு உண்டு, இன்ன மாதம் கன்று வீசியது" என்று தாமாகவே சொல்லுதல் வேண்டும். இரத்தப் பரீட்சையால் நோய் தெரிந்துவிடும். மருந்தும் உண்டு. ஆறு வாரம் வரையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டியிருக்கும். பத்து நாளில் சுரம் நின்றதென்று மருந்தை நிறுத்தியவர்க்கு அது திரும்பவும் வரும்.

பரீட்சை முறைகள்

மாட்டுக்கு இந்நோய் உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரின் ஒரு துளியோடு, ரோஸ் பெங்கால் என்ற சிவப்புச் சாயம் ஏற்றிய மருந்தின் ஒரு துளியைத் தட்டில் வைத்துக் கலக்குவர். நான்கு நிமிடத்திற்குள் அது திரிதிரியாகத் திரண்டால் சந்தேகத்திற்கு இடமுண்டு. பின்னர் எலைசா முதலிய நுட்பமான பரீட்சைகளால் உறுதி செய்வர். மாவட்டந்தோறும் உள்ள கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவின் மூலம் இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கறவைகள் பல உள்ள பண்ணைக்கும் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இன்னும் சுலபமானது பால் வளையப் பரீட்சை. சிறு குழாயில் ஒரு மில்லிலிட்டர் பாலை எடுத்து, நீலச் சாயம் ஏற்றிய மருந்தை ஒரு துளி சேர்த்து, உடற்சூட்டளவு வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைப்பர். நோயற்ற பாலாயின், மேலே மிதக்கும் ஆடை வெண்மையாகவும் கீழுள்ள பால் நீலமாகவும் இருக்கும். நோய்ப்பாலாயின் நீலம் முழுவதும் ஆடையோடு ஏறி வளையமாக நிற்க, கீழே பால் வெளுக்கும். சீம்பாலிலும், மடிவீக்கம் கண்ட பாலிலும், வற்றுங்காலத்துப் பாலிலும் இது பிழையாகக் காட்டக்கூடும். பல பசுக்களின் பாலைச் சேர்த்து ஒருங்கே பரீட்சிக்கலாமாகையால் செலவு குறைவு. சங்கங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வோர் அங்கத்தினரின் பாலையும் இவ்வாறு பார்த்து, வளையம் கண்டவரின் மாடுகளுக்கு மட்டும் இரத்தப் பரீட்சை செய்வித்தால், கிராமம் முழுவதையும் கண்காணிக்க முடியும். கொழுப்புச் சத்தைப் பார்ப்பதில் காட்டும் ஊக்கத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

மந்தையை இரண்டாகப் பிரித்தல்

நோய் கண்ட பசுவுக்கு மருந்தில்லை. மேனாட்டார் நோயுள்ள மாடுகளைக் கொன்று, உடைமையாளருக்கு ஈட்டுத்தொகை கொடுத்து நோயை ஒழித்தனர். நம் நாட்டில் சட்டமும் ஜனங்களின் மனப்பான்மையும் அதற்கு இடந்தருவதில்லை. ஆயினும் வேறொரு வழி உண்டு. முற்கூறிய பாங் என்பவரே, மாடுகளின் காசநோயை ஒழிக்க 1890-களில் ஒரு முறையைக் கையாண்டார். நோயுள்ள மாடுகளைக் கொல்லாமல் தனி மந்தையாகப் பிரித்து, அவற்றின் கன்றுகளைக் காய்ச்சிய பாலில் வளர்த்து, நோயற்ற மந்தையைச் சிறுகச் சிறுகப் பெருக்கியதே அம்முறை. கன்று வீச்சு நோய்க்கும் நம்மவர்க்குப் பொருந்துவது இதுவே.

எல்லா மாடுகளுக்கும் இரத்தப் பரீட்சை செய்வித்து, நோய் கண்டவற்றை வேறு கொட்டகைக்கு மாற்றுக. தொட்டி, கயிறு, பால் பாத்திரம் யாவும் அவற்றிற்குத் தனியாக இருத்தல் வேண்டும். இடமில்லாதவர் தோப்பின் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டாலும் போதும். அதன் கழிவுநீர் இப்பக்கம் வழியாதிருக்க வேண்டும் என்பதே முக்கியம். நல்ல மாடுகளை முதலில் கறந்து, தீனி வைத்து முடித்த பின்னரே அங்கே செல்லுதல் வேண்டும். இயன்றால் அங்கே வேறொரு ஆள் இருத்தல் நலம். அவற்றின் பாலைக் காய்ச்சியே உபயோகிக்க வேண்டும், கன்றுகளுக்கும் அவ்வாறே. எஞ்சிய மாடுகளுக்கு ஒரு மாதம் முதல் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மறுபரீட்சை செய்து, புதிதாக நோய் கண்டதை உடனுக்குடன் பிரித்துக்கொண்டே வர வேண்டும். தொடர்ந்து இருமுறை ஒன்றிலும் நோய் காணாவிடில், ஆறு மாதம் கழித்து ஒருமுறையும், பிறகு வருடத்திற்கு ஒருமுறையும் பார்த்தால் போதும்.

நோயுள்ள தாயின் கிடாரிகள் சிலவற்றில் கிருமி மறைந்து கிடந்து, பரீட்சையில் தெரியாமலிருந்து, முதல் ஈற்றில் வெளிப்படுவதுண்டு. அவற்றை நல்ல மந்தையில் சேர்ப்பதாயின் முதல் ஈற்று முடிந்து பரீட்சித்த பின்னர்ச் சேர்ப்பதே உசிதம்.

கிடாரிக் கன்றுகளுக்கு ஊசி

1923-ஆம் வருடம் அமெரிக்காவில் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலினின்று பிரித்தெடுத்த கிருமி வகையொன்று, நாளடைவில் வீரியம் குன்றி, நோயை உண்டாக்காமல் காப்பை மட்டும் தருவதாயிற்று. பத்தொன்பதாம் எண் வகை என்று வழங்கும் அதுவே இன்றும் நம் நாட்டில் ஊசியாக உபயோகமாகிறது. 2019-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் மதுராவில் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, பசு எருமை இரண்டிலும் நான்கு மாதத்திற்கு மேல் எட்டு மாதத்திற்குட்பட்ட கிடாரிக் கன்றுகளுக்கு இவ்வூசி போடப்படுகிறது. ஆயுளில் ஒருமுறை போட்டால் போதும்.

வயதெல்லையைக் குறித்துச் சிலர் அலட்சியமாயிருக்கின்றனர். எட்டு மாதம் கடந்தபின் போட்டால், ஊசியால் உண்டான எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் நெடுங்காலம் நின்று, நல்ல மாட்டையும் பிற்காலத்தில் நோயுள்ளதாகக் காட்டும். சினைப்பசுவுக்குப் போட்டால் அவ்வூசியே கன்றை வீசச் செய்யக்கூடும். காளைக்கன்றுக்குப் போடலாகாது, விரையில் வீக்கம் கண்டு கெடும். உயிருள்ள கிருமியாதலால் போடுகிறவர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஊசி தம் விரலில் குத்திவிடாதபடி ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். கன்று துள்ளாமல் பிடித்துக்கொடுப்பது உடைமையாளரின் கடமை. ஊசி போட்ட தேதியைக் காதில் மாட்டிய பன்னிரண்டு இலக்கத் தோட்டின் எண்ணோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது நல்லது. பின்னாளில் கன்றை விற்கும்போது அக்குறிப்புக்கே விலையுண்டு.

ஊசி நோய் வராமல் காக்குமேயன்றி, வந்த நோயை நீக்காது. எல்லாக் கன்றுகளையும் அது பூரணமாகக் காப்பதுமில்லை. ஆதலால் புதிய மாடு வாங்குவதில் எச்சரிக்கை எப்போதும் வேண்டும். சந்தையில் வாங்குவதைக் காட்டிலும், பரீட்சை செய்து நோயில்லையென்று தெரிந்த தொழுவத்தில் வாங்குவது மேல். எங்கே வாங்கினும் வீட்டிற்கு ஓட்டிவந்ததும் ஒரு மாதம் தனியே கட்டி, இரத்தப் பரீட்சை செய்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். வாங்கிய பசு சினையாயிருப்பின் அம்மட்டும் போதாது. சினைக்காலத்தில் நோய் மறைந்திருந்து, ஈன்ற பின்னரே இரத்தத்தில் தெரிவதுண்டு. எனவே அது ஈனும் வரையில் தனியிடத்திலேயே இருந்து, ஈன்று இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒருமுறை பரீட்சிக்கப்பட்டு, பிறகே மற்றப் பசுக்களின் வரிசையில் கட்டப்படல் வேண்டும்.